வெளிமாநிலக் கோழி

அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறேன் என்று சிவகங்கைப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "ஏன் மாப்ள, அங்க கறிக்கடையே இல்லையா?" என்பார்கள். கடை இருக்கிறது. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் நெருங்கினால் கத்தரிக்காயைவிட மலிவாக வான்கோழியைக் கூவிக் கூவி விற்பார்கள். அது மார்புக் கறிக்காகவே வளர்த்த, தன் எடையைத் தானே தூக்க முடியாத வெள்ளைப் பறவை. காட்டில் இருப்பது கறுப்பும் செம்புமாக மினுங்கும் வேறு பிறவி. ராத்திரி உயரமான மரத்தில் ஏறித் தூங்கும், பறக்கும், நாம் இமை கொட்டினால்கூடக் கண்டுகொள்ளும். மயிலைப் பார்த்து ஆடப் போய் மானம் கெட்டதாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பறவைக்காக இங்கே லட்சக்கணக்கான பேர் அலாரம் வைத்து எழுந்து, முகத்தில் வலையைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரத்தடியில் போய் உட்காருகிறார்கள்.

ஊரில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் வழக்கு, வாய்தா, ஜாமீன். இங்கே வேட்டை என்றால் விண்ணப்பம், குலுக்கல், ரசீது. சுடுவதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய தலைவலியைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது: எந்த மாநிலத்துக்குப் போவது?

தொண்ணூறுகளின் கடைசியில் அது தலைவலியே அல்ல. உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் 2000 பிறந்ததும் படுத்துவிடும் என்று பயந்து, எங்களைக் கப்பல் கப்பலாக இறக்கிக்கொண்டிருந்த நேரம். அட்லாண்டாவின் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். வேலி ஓரம் நின்று ரசப்பொடி வாசனை பற்றிக் கேட்க ஆரம்பித்தவர், அடுத்த மார்ச்சில் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஜார்ஜியாவிலேயே பறவைக்குப் பஞ்சமில்லை. 1973-ல் மாநிலம் முழுக்க 17,000 என்ற அளவுக்குத் தேய்ந்திருந்த வான்கோழிகள் அப்போது லட்சங்களில் இருந்தன. ஓர் ஆளுக்கு ஒரு சீசனுக்கு மூன்று சேவல். ஆனால் வடக்கே போகப் போக வசந்தம் தாமதமாக வரும், சீசனும் தாமதமாகத் திறக்கும். உள்ளூர்க் கோட்டா தீர்ந்தாலும் ஆசை தீராதவனுக்கு வெளிமாநிலம் என்று ஒன்றை வைத்திருக்கிறார் ஆண்டவன்.

பெரியவர் சமையல்கட்டு மேஜையில் ரேண்ட் மக்நாலி சாலை வரைபடப் புத்தகத்தை விரித்தார். காபிக் கறை படிந்த பக்கம் தானாகத் திறந்தது. மிசௌரி. "எதுக்கு மிசௌரி?" என்றேன். ஏதோ பெரிய வனவியல் காரணம் வரும் என்று காத்திருந்தேன்.

"என் கொழுந்தியா வீடு அங்கதான் இருக்கு. படுக்கைக்குக் காசு கிடையாது."

தேர்வு அவ்வளவுதான். நம் ஊரில் மெட்ராஸுக்கு வேலை தேடிப் போகிறவன் எந்தப் பேட்டையில் இறங்குவது என்று முடிவு செய்வதும் இதே சாஸ்திரப்படிதான் என்பதால் எனக்கு அவர் மேல் உடனே மரியாதை வந்தது. மிசௌரியில் மதியம் ஒரு மணியோடு வேட்டையை நிறுத்திவிட வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதையும் அவர் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டார். ஒரு மணிக்கு மேல் கடைத்தெருவில் போய் 'பை' என்கிற பலகாரம் சாப்பிடலாம், எந்தப் பாவமும் சேராது. பை நன்றாக இல்லாத ஊரில் வான்கோழியும் நன்றாக இருக்காது என்பது அவருடைய திடமான கொள்கை. அதை மறுக்கும் ஆதாரம் எதுவும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அறிவியலும் கொஞ்சம் இருந்தது. மாநில வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டால் பழுப்பு உறையில் விதிமுறைப் புத்தகம் தபாலில் வரும். தபால்காரர் என்பதால் அந்த உறையை அவர் தடவிப் பார்ப்பதே தனி அழகு. மாவட்ட உயிரியலாளர் தானே போனை எடுப்பார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே! எந்தப் பள்ளத்தாக்கில் பறவை, எந்த ஓடைக்கரையில் ஓக் மரம், எந்தக் காட்டுப்பாதை மழையில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடப்பீங்க?" பதிலைப் பொறுத்து இன்னொரு ஓடையின் பெயரைச் சொல்வார். நிலவியல் துறையின் 1:24,000 வரைபடத்தில் பெரியவர் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். ரகசியம் என்றால் அந்தப் பென்சில் வட்டம்தான்.

தனியார் நிலமென்றால் கதவைத் தட்ட வேண்டும். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஓசார்க் மலைப்பக்கம் ஒரு பண்ணை. விவசாயி டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை. அவருடைய பூட்ஸைப் பார்த்துத்தான் பேசினோம்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"ஜார்ஜியா" என்றார் பெரியவர்.

ஸ்பானரைத் தேடிக் கை வெளியே வந்தபோது தலையும் கொஞ்சம் வந்தது. என்னைப் பார்த்தார். "அவரு?"

"நானும் ஜார்ஜியா. அதுக்கு முன்னாடி இந்தியா."

"அங்க வேட்டை எல்லாம் கிடையாதா?"

"கவர்மெண்டு விடாது."

டிராக்டருக்கு அடியில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அட பாவமே. போங்க, போங்க. கேட்டை மட்டும் சாத்திட்டுப் போங்க."

மறுநாள் விடியலில் அந்தப் பண்ணையின் ஓக் மரத்தடியில் பெரியவர் தன் மரப்பெட்டியை எடுத்தார். மூடியின் அடிப்புறத்தில் சாக்கட்டியைத் தேய்த்து, பெட்டி விளிம்பில் மெல்ல இழுத்தால் பெட்டைக்கோழியின் குரல் வரும். ஆர்கன்சா மாநிலத்து டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பவர் 1897-ல் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் அது. பெரியவர் ஒரே ஒரு தடவை இழுத்தார். தூரத்து மரத்திலிருந்து சேவல் கொக்கரித்தது; மார்பெலும்பில் கேட்கிற சத்தம். நான் இன்னொரு தடவை இழுக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் பெட்டியைப் பைக்குள் போட்டு மூடிவிட்டார். "இனிமே அவன் யோசிக்கட்டும்" என்றார். அவன் யோசித்தான். பிறகு வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு வந்தான். கோபமும் காதலும் மாறி மாறி ஏறியதில் தலை சிவப்பாகி, வெளுத்து, நீலமாயிற்று. அமெரிக்கக் கொடியின் இந்த மூன்று நிறத்தில் ஒன்றைக்கூட வசந்தகால வேட்டைக்காரன் உடுத்தக்கூடாது. உடுத்தினால் இன்னொரு வேட்டைக்காரன் அவனைச் சேவலென்று நினைத்துவிடுவான். தேசபக்தி ஆபத்தாக முடியும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

சுட்ட பறவையை அன்று சாவடிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சாவடி என்றால் பெரும்பாலும் ஒரு பெட்ரோல் பங்க் அல்லது மளிகைக்கடை. தராசில் தொங்கவிடுவார்கள், காலின் முள்ளை அளப்பார்கள், தாடியை அளப்பார்கள். (ஆமாம், சேவலுக்கு நெஞ்சில் தாடி உண்டு.) கடை வாசலில் நாலு பிக்கப் வண்டி நிற்கும். அடுத்த வருஷம் எங்கே போவது என்ற ஆராய்ச்சி முழுவதும் அந்த வாசலில் நடந்ததுதான். ஒருவன் சொல்லும் இடத்தில் பாதி பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்பதைப் பெரியவர் அவன் செருப்புச் சேற்றைப் பார்த்துச் சொல்வார். 2000-களின் நடுவில் போன் மூலம் பதிவு செய்தால் போதும் என்று வந்ததும் சாவடி போயிற்று. சேறும் போயிற்று.

வெளிமாநிலம், வெளிமாநிலம் என்கிறேனே, அந்தக் கோழிகளே வெளிமாநிலம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்தும் கணக்கில்லாமல் சுட்டும் வான்கோழியைப் பல மாநிலங்களில் இல்லாமலே ஆக்கியிருந்தார்கள். பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். நரிக்கு விருந்து வைத்ததுதான் மிச்சம். 1950-களில் இரை தூவிய இடத்தில் சின்னப் பீரங்கிகளால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து, பெட்டியில் அடைத்து ஊர் மாற்ற ஆரம்பித்த பிறகுதான் கதை மாறியது. டெக்சாஸ் கோழி கேன்சஸுக்குப் போயிற்று. நெப்ராஸ்காவின் பைன் மலைகளுக்கு மெரியம் வகைக் கோழி 1959-ல்தான் குடிவந்தது. மிசௌரி தன் வான்கோழிகளைக் கொடுத்து, பதிலுக்கு நீர்நாய் வாங்கியது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்றால், பெரும்பங்கு 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது போட்ட 11 சதவீத வரியிலிருந்து. வேலைக்காக இறக்குமதியாகி, குட்டி போட்டு, இங்கேயே தங்கிவிட்ட ஒரு ஜீவராசியை இன்னொன்று துரத்திக்கொண்டு போனது என்று என் கதையைச் சுருக்கலாம்.

இப்போது இடம் தேர்ந்தெடுப்பது என் மகன். இங்கே பிறந்தவன், தமிழ் பேசுவான், எக்செல் தாளில் யோசிப்பான். டிசம்பரிலேயே தாள் திறந்துவிடும். மாநிலங்கள் ஒரு பக்கம்; கட்டணம், பொதுநிலப் பரப்பு, ஒருவருக்கு எத்தனை பறவை, குலுக்கலில் விழும் வாய்ப்பு, போன வருஷம் எத்தனை சுட்டார்கள், ஏப்ரல் மழை என்று இன்னொரு பக்கம். கையிலுள்ள செயலியில் ஒவ்வொரு வயலின் எல்லையும் உரிமையாளர் பெயரும் தெரிகிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் மரத்தை எண்ணலாம். பெரியவரின் சிவப்புப் பென்சில் இருந்த இடத்தில் இப்போது செயற்கைக்கோள்.

"ஃப்ளோரிடா போவோமாடா? பக்கம்தானே" என்றேன்.

"அப்பா, ஆஸியோலா வகை உலகத்திலேயே அங்க மட்டும்தான் இருக்கு. ஸ்லாம் முடிக்கிறவன் எல்லாம் அங்க வந்துதான் ஆகணும். நல்ல பொதுக்காட்டுக்குக் குலுக்கல். தனியார் நிலம்னா சில ஆயிரம் டாலர்."

ஸ்லாம் என்பது கிழக்கத்தி, ஆஸியோலா, ரியோ கிராண்டே, மெரியம் என்ற நாலு வகையிலும் ஒவ்வொன்று சுட்டு முடிக்கும் நேர்த்திக்கடன். என் மனைவி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அறுபடை வீட்டிலயே திருத்தணி பாக்கி கிடக்கு. இவருக்கு நாலு கோழிக்கு நாலு ஸ்டேட்டு."

டெக்சாஸில் பறவை ஏராளம், ஆனால் நிலமெல்லாம் தனியார். ஐயோவாவில் வெளிமாநிலக்காரனுக்குக் குறைந்த இடம்தான். குலுக்கலில் விழாதவனுக்கு ஆறுதலாக ஒரு புள்ளி தருவார்கள், வருஷா வருஷம் புள்ளி சேர்த்து வரிசையில் நிற்கலாம். கேன்சஸில் முன்பெல்லாம் பெரும்பாலான பகுதிக்குக் கவுண்டரில் காசு கொடுத்தால் பர்மிட். 2024-லிருந்து வெளிமாநிலத்தாருக்குக் குலுக்கல். நெப்ராஸ்காவோ கதவை அகலத் திறந்து வைத்திருந்த மாநிலம். அதுவும் வெளிமாநிலப் பர்மிட் 10,000-க்கு மேல் இல்லை என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டது. மகன் இதையெல்லாம் சலிப்போடு படித்துக் காட்ட, எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். உச்சவரம்பு, குலுக்கல், வரிசை எண், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. பச்சை அட்டைக்காக நாங்கள் நின்ற வரிசையில் இப்போது பென்சில்வேனியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற வெள்ளைக்காரனும் நிற்கிறான், அதுவும் ஒரு கோழிக்கு.

"ஹவாயிலகூட காட்டு வான்கோழி இருக்காம்" என்று மகன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலத்திலும் உண்டு என்பது உண்மைதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் ஹவாய் டிக்கெட் விலையைத் தவிர வேறு பேச்சில்லை. நல்லவேளை, பட்ஜெட் பத்தியில் அடிபட்டது.

கடைசியில் எக்செல் தாள் ஒரு சமவெளி மாநிலத்தின் ஒரு பொதுநிலத்தை முதலிடத்தில் காட்டியது. இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கெனவே வரிசையாகப் பிக்கப்புகள். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் மிச்சிகன், டென்னசி, லூசியானா, பென்சில்வேனியா. கூடவே எங்கள் ஜார்ஜியாவே இன்னொன்று. அவர்கள் வீட்டிலும் எக்செல் இருக்கும்போல. உள்ளே நடந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். பொழுது வெளுக்கும்போது புதருக்கு அந்தப் பக்கம் பெட்டைக்கோழி ஒன்று அற்புதமாகக் கூப்பிட்டது. மகன் பதில் கொடுத்தான். அது இன்னும் உருக்கமாகக் கூப்பிட்டது. இவன் நெகிழ்ந்துபோய்ப் பதில் கொடுத்தான். இந்தத் தாம்பத்தியம் வெகுநேரம் நீடித்தது. வெளிச்சம் வந்ததும் புதரிலிருந்து எழுந்தவர் பென்சில்வேனியாக்காரர். தலைக்கு மேல் கையை ஆட்டிவிட்டு வந்து கை குலுக்கினார். "நல்லாக் கூப்பிடறீங்க தம்பி" என்று பாராட்டினார். எந்த வீடியோவைப் பார்த்து இந்த இடத்துக்கு வந்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டார்கள். இருவரும் பார்த்தது ஒரே வீடியோ.

சேவல் இல்லாமல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தனியார் நிலத்தில் நின்று கொக்கரித்துக்கொண்டே இருந்தது. உரிமையாளர் பெயர் செயலியில் பளிச்சென்று தெரிந்தது. "போய்க் கதவைத் தட்டிக் கேட்போமே" என்றேன்.

"கதவையா? சொல்லாம யாரு வீட்டுக்காவது போவாங்களா அப்பா?"

நான் போனேன். நல்ல அம்மாள். வாசலிலேயே எலுமிச்சைச் சாறு கொடுத்தார். இந்தியாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவருடைய பல் டாக்டரே ஆந்திராக்காரராம். ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: வேட்டை உரிமையை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. அவர் தம்பியே அங்கே சுட வேண்டுமானால் அந்தக் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

செயலியால்தான் எல்லாம் கெட்டது என்று எழுதிவிட்டால் சுலபமாக இருக்கும். பெரியவரும் தன் ரகசிய ஓடையைத் தேவாலயத்தில் பாதி பேரிடம் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். விஷயம் வேறு. நாங்கள் போன காலத்தில் இடம் மாற்றி விட்ட பறவைகள் புது நிலத்தில் கிடுகிடுவென்று பெருகிக்கொண்டிருந்தன. மிசௌரியில் 2004 வசந்தத்தில் 60,000-க்கும் மேல் சுட்டார்கள்; அந்த உயரத்தை அந்த மாநிலம் அப்புறம் தொடவில்லை. கொழுந்தியா வீடு எந்த மாநிலத்தில் இருந்திருந்தாலும் அன்று அது சரியான இடமாகத்தான் தெரிந்திருக்கும். எங்கள் சாமர்த்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டது பெரும்பாலும் பீரங்கி வலை வீசியவர்களின் உழைப்பு.

பிறகு தெற்கிலும் மத்தியிலும் பல இடங்களில் எண்ணிக்கை இறங்கியது. கூடுகளில் பெரும்பாலானவை குஞ்சு பொரிக்காமலே அழிகின்றன. ரக்கூனும் ஒப்பாசமும் முட்டையைத் தின்கின்றன. புல்லும் புதருமாக இருந்த நிலம் அடர்ந்த காடாகவோ வீட்டுமனையாகவோ மாறுகிறது. சேவல் பெட்டையோடு சேரும் முன்பே நாம் போய்ச் சுட்டுவிடுகிறோமோ என்ற சந்தேகமும் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு. ஜார்ஜியா 2022-ல் சீசனைத் தள்ளித் திறந்து, மூன்று சேவலை இரண்டாக்கியது. குறைத்தது சரி என்பதுதான் என் கட்சி. இதற்கிடையில் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியான டங்ஸ்டன் குண்டு போட்ட தோட்டா வந்திருக்கிறது. ஒன்றின் விலை பத்து டாலருக்கு மேல். பறவை குறையக் குறையத் தோட்டா உசத்தியாகிக்கொண்டு போகிறது.

இந்த வருஷத் தாளும் திறந்தாயிற்று. முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியவரைப் பார்க்கப் போனபோது மகன் அதை மடிக்கணினியில் விரித்துக் காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகப் பொறுமையாகப் படித்தார். "பை எந்தப் பத்தியில தம்பி இருக்கு?" என்றார். இப்போது இருக்கிறது. கட்டணத்துக்கும் மழைக்கும் நடுவில்.

படிக்கிறவர்களில் யாராவது அமெரிக்காவில் இருந்து, அடுத்த வசந்தத்துக்குக் கிளம்பும் எண்ணமிருந்தால் சொல்லிவிடுகிறேன். கேன்சஸ் குலுக்கல் விண்ணப்பம், நெப்ராஸ்கா பர்மிட் எல்லாவற்றுக்கும் ஜனவரியிலேயே விழித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் யோசித்தால் ஒன்றும் மிஞ்சாது. மாவட்ட உயிரியலாளர்களில் சிலர் இன்னும் தானே போனை எடுக்கிறார்கள், கூப்பிட்டுப் பாருங்கள். தொடைக்கறி குக்கரில் ஏழெட்டு விசிலுக்குக் குறைந்து வேகாது. மிளகு தாராளமாகப் போடுங்கள். மற்றபடி நாங்கள் இந்த வருஷம் எந்த மாநிலம், எந்த ஓடை என்று மட்டும் கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம். சொல்வதாக இல்லை.